அம்மாவின் கண்ணும் சிமிட்டு மிஸ்ஸியும்

இலங்கையில் தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மனிதரை நிம்மதியாக முறைத்துப் பார்க்கக்கூட விடாத ஒரே ஆள் சிமிட்டு மிஸ்ஸிதான். எங்கள் தோட்டத்து மருந்துச்சாலையில் நர்ஸ். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. எதிரே யார் வந்தாலும் "கண்ணச் சிமிட்டுங்க" என்பார். ஒரு நாள் தோட்டத்தையே நிர்வகிக்கும் துரையிடமும் சொன்னார். பாவம், அவரும் சிமிட்டினார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் அம்மா. தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, கூடவே கண்ணும் வாயும் காய்ந்துபோயின. உடம்பு தன்னையே தாக்குகிற வியாதி, இனிக் கண்ணீர் ஊறாது, ஆயுளுக்கும் சொட்டு மருந்து வேண்டும், தவறினால் பார்வைக்கே ஆபத்து என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருந்துக் குப்பியை அமுக்க அம்மாவின் விரலில் பலமில்லை. அந்த வேலையை மிஸ்ஸி தன் தலையில் போட்டுக்கொண்டார். சிமிட்டினால்தான் கண்ணில் ஈரம் பரவுமென்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, அதுவே எல்லோரிடமும் சொல்கிற பழக்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டில் அவர் ஆட்சிதான். புகை ஆகாதென்று அடுப்பு வெளியே போனது. வெந்நீரில் பிழிந்த துணியை அம்மாவின் இமைமேல் வைத்துவிட்டு, அதை எடுக்கும்வரை எங்களையும் பேசவிடமாட்டார். அம்மன் கோவிலில் சாம்பிராணி போட்ட பூசாரி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கிளினிக் போகிற பஸ்ஸில் காற்று படக்கூடாதென்று சிங்களத்தில் அதட்டி எல்லா ஜன்னலையும் மூடவைத்தார். பஸ் முழுக்க வேர்த்து ஒழுகியது. அம்மா மட்டும் சுகமாகத் தூங்கினாள்.

பிறகு அப்பா இறந்தார். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். கண்ணில் மட்டும் பொட்டு ஈரமில்லை. மருந்து நேரத்தைத் தவறவிடாத மிஸ்ஸி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் தாடையை நிமிர்த்திச் சொட்டு விட்டார். அது கன்னத்தில் வழிந்தது. அப்பாவின் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பிக்கு அழுவுறதுக்குக்கூட மருந்து ஊத்திக்கிறா பாருங்க" என்றாள்.

மிஸ்ஸி வியாதியை விளக்கினார். சாவு வீட்டில் யார் காதில் விழும்? அம்மாவுக்கு இருந்த ஒரே சொந்தம் அந்த அத்தைதான். அதற்குப் பிறகு அவள் எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. மிஸ்ஸி அவளுடைய தோட்டத்துக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார், கதவு திறக்கவில்லை.

"சித்த நேரம் பொறுத்திருக்கலாம் புள்ள" என்று அம்மாவிடம் புலம்புவார்.

பொறுத்திருக்கலாம்தான். ஆனால் அன்று முழுக்க மருந்தில்லாமல் கதறியிருந்தால் கண் என்ன ஆகியிருக்குமோ! அம்மாவுக்குப் பார்வை தங்கியது, சொந்தம் தங்கவில்லை. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மிஸ்ஸி பென்ஷனில் போன அன்று வழியனுப்ப லயமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, அம்மா காய்ந்த கண்ணோடு மரம்போல நின்றாள். இவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று எனக்கே பட்டது. மிஸ்ஸி பஸ் ஜன்னல் வழியே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார்.

"அழாத புள்ள, கண்ணு எரியும்."

அம்மா அழுவதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த பஸ்ஸில் போய்விட்டார்.