சம்பந்திக்குக் கொடுத்த புறா திரும்பி வந்த விவகாரம்

ஷாட்டன்,
டரம் மாவட்டம்,
திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஓமேர் அவர்களுக்கு, ரே ஸ்டோக்கோ மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆவ்ரிலும், என் முழங்கால் நீங்கலாக, நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா லுட்கார்ட் அவர்களும், மாப்பிள்ளை யோரிஸும், கூண்டில் இருக்கும் அத்தனை பேரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் ஊரில் மழை. உங்கள் ஊரிலும் மழையாகத்தான் இருக்கும். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள், ஆகையால் கடிதம். கடிதத்துக்கு இன்னும் கால்நடை மருத்துவர் கையெழுத்து கேட்க ஆரம்பிக்கவில்லை.

ஐரீன் உங்கள் கூண்டை விட்டு என்னிடம் வந்துவிட்டாள் என்பதற்காக நீங்கள் என்னை என்னவெல்லாம் சொன்னீர்கள் என்பதை என் மகள் பெத்தனி அழுதுகொண்டே சொன்னாள். நான் புறாவைக் கொடுப்பது போலக் கொடுத்து, பறித்துக்கொண்டேனாம். வேண்டுமென்றே திருப்பித் தராமல் வைத்திருக்கிறேனாம். ஐரீன் உங்கள் கூண்டில் வந்து உட்காராத வரைக்கும் மாதக் கடைசிச் சனிக்கிழமை உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் நடக்கிற கல்யாணத்துக்கு நீங்கள் சர்ச் வாசலை மிதிக்க மாட்டீர்களாம். சம்பந்தி, என் மகள் உங்கள் ஊரில், உங்கள் பாஷை பேசும் ஜனங்களுக்கு நடுவில் வாழப்போகிறவள். மாமனார் வராத கல்யாணத்தை அந்த ஊர் எத்தனை வருஷம் பேசும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பு, பிள்ளைகளின் நிச்சயத்துக்கு வந்தபோது ஐரீனைக் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கப்பலேறி வந்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள், நாம் புறா மாற்றிக்கொண்டோம். அதே கூடையில் உங்கள் நீல ஆண் புறா இங்கே வந்தது. அன்றைக்கே சொன்னேன், இவள் வளர்ந்த பெட்டை, அடைத்து வைத்துக் குஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் பிறந்த வீட்டுக்குத்தான் போவாள் என்று. புறாக்காரருக்குப் புறாவைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், இருந்தாலும் சொன்னேன். அவளுக்கு என் மாமியார் பெயரை வைத்ததே அந்தக் குணத்துக்காகத்தான். அந்த அம்மாளும் எங்கே போனாலும் மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நீங்களோ, “மூணு வருஷமா என் சோளத்தைத் தின்னவ, எங்க போயிடப் போறா” என்று உங்கள் புறாக் கிளப் ஆட்களை வரவழைத்து, கையில் பீரோடு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைத் திறந்துவிட்டீர்களாம். கூரையை ஒரு சுற்று சுற்றினாளாம், கடல் பக்கம் திரும்பினாளாம். கிளப் சிரித்ததாம். புறாவுக்குப் பேர்போன ஃப்ளாண்டர்ஸ்காரர் கூண்டு பிடிக்காமல் ஒரு புறா இங்கிலாந்துக்கு ஓடிவந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஜன்னலைத் திறந்த கை என்னுடையது இல்லை.

இங்கே போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆவ்ரில் தோட்டத்திலிருந்து வந்து, “ஏங்க, கூண்டுல எங்கம்மா உட்காந்திருக்காங்க” என்றாள். “உங்கம்மா போய் ஒன்பது வருஷமாச்சே” என்றேன். “அவங்க இல்லைங்க, இறக்கை வச்சவங்க” என்றாள். போய்ப் பார்த்தால் ஐரீன் தன் பழைய பெட்டியில், கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்பென்றால் மறுநாளே கூடையும் கையுமாக ஹல் துறைமுகத்துக்குப் போயிருப்பேன். அங்கிருந்து உங்கள் கரைக்கு நேராகப் போன கப்பலையே நிறுத்திவிட்டார்கள். சரி, சட்டப்படி செய்வோம் என்று ஏற்றுமதி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஒரு பெண் பேசினாள்.

“என்ன சரக்கு சார்?”

“சரக்கு இல்லம்மா, புறா.”

“புறாவும் சரக்குதான் சார். விக்கிறீங்களா, பரிசா?”

“பரிசு. மூணு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்தாச்சு.”

“குடுத்தாச்சுன்னா இப்ப எதுக்கு அனுப்புறீங்க?”

“திரும்பி வந்துடுச்சு.”

“எந்தத் துறைமுகம் வழியா வந்துச்சு?”

“கூரை வழியா.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், வெளிநாட்டுலேர்ந்து உயிருள்ள பறவை காகிதம் இல்லாம வந்திருக்குன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கணும். எழுதினா ஆள் வருவாங்க. வந்தா உங்க கூண்டு மொத்தத்தையும் அடைச்சுப் போட்டுடுவாங்க. அதனால நீங்க சொன்னது எனக்குக் கேக்கல” என்றாள்.

“அப்ப ஐரீன் இங்கயேதான் இருந்தாளா?”

“இங்கயேதான் இருந்திருக்கா. டாக்டர் கையெழுத்துக்கு மட்டும் ஏற்பாடு பண்ணுங்க.”

நல்ல பெண், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எங்கள் ஊர் டாக்டர் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுவாரே தவிர ஏற்றுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாதவர். அதிகாரம் உள்ளவர் அல்வாரோ என்று ஒரு ஸ்பெயின்காரர், நாலு மாவட்டத்துக்கு ஒரே ஆள், ஒரு வழியாக வந்து சேர்ந்தார். ஐரீன் அவர் விரலைக் கொத்தினாள், நல்ல ஆரோக்கியம் என்று எழுதினார். ஏன் இவ்வளவு தாமதம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். “என்கூட வேலை பார்த்த எங்க ஊர்க்காரங்க பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. வெளிய போறோம்னு நீங்கதானே ஓட்டுப் போட்டீங்க” என்றார். ஆவ்ரில் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே, “இவரும்தான் போட்டாரு” என்று காட்டிக்கொடுத்தாள்.

“மீன்காரங்களுக்காகப் போட்டேன்” என்றேன்.

“அவங்க மீனுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும். அவங்களும் காத்துட்டுத்தான் இருக்காங்க” என்றார் டாக்டர்.

அவர் போன பிறகுதான் தெரிந்தது, அச்சு எழுத்தும் கையெழுத்தும் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாதாம். எல்லாமே கறுப்பு. மறுபடி அவர் வர வேண்டும், மறுபடி ஐரீனைப் பார்க்க வேண்டும், மறுபடி கொத்து வாங்க வேண்டும். இரண்டாம் தடவை நீலப் பேனாவை நானே வாங்கி வைத்திருந்தேன். ஓட்டுப் போடும்போது புறா ஞாபகம் எனக்கு வரவே இல்லை சம்பந்தி, அதை ஒளிக்கவில்லை.

காகிதம் கைக்கு வந்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்து, பழைய வழக்கப்படி ஹல்லில் ஹாலந்துக் கப்பலைப் பிடித்தேன். அங்கேயிருந்து உங்கள் ஊருக்கு ரயிலில் வந்துவிடலாம் என்று கணக்கு. புறாவோடு போகிறவன் அதற்கென்று தனி வாசலைத் தேடிப்போக வேண்டுமா என்ன, இருக்கிற வாசலில் நுழைய வேண்டியதுதானே. காலையில் அக்கரையில் இறங்கினால் ஓர் உயரமான அதிகாரி முதலில் ஆவ்ரில் கட்டிக்கொடுத்த ஹாம் ரொட்டியை எடுத்துக்கொண்டார். இறைச்சி உள்ளே வரக்கூடாதாம். இங்கேயே தின்றுவிடுகிறேன் என்றேன், அதுவும் கூடாதாம். அப்புறம் கூடையைப் பார்த்தார்.

“காகிதமெல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்த வாசல்ல உயிருள்ள பறவைக்கு அனுமதி இல்லீங்க.”

“முப்பது வருஷமா இப்படித்தான் வந்துட்டிருக்கேன்.”

“அது அப்ப. இப்ப நீங்க வரலாம், அது வரக்கூடாது.”

“நான் மட்டும் போயி என்ன பண்ண? சம்பந்தி கேட்டது என்னை இல்லையே.”

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “சரி, கூடையைத் திறந்துவிட்டா இது எங்க போகும்?”

“எங்க வீட்டுக்கு.”

“வீடு எங்க?”

“இங்கிலாந்துல.”

“அப்ப எதுக்குங்க இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?”

திரும்புகிற கப்பல் சாயங்காலம்தான். அதுவரைக்கும் அந்த வெயிலில் அவளைக் கூடைக்குள் வைத்திருக்க மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டேன். அந்த அதிகாரியும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவளை ஒருவரும் நிறுத்தவில்லை. மறுநாள் நான் காலை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால் ஆவ்ரில், “அவ நேத்தே வந்துட்டா. உங்களுக்கு என்ன இவ்ளோ நேரம்?” என்கிறாள்.

இப்போதைய நிலவரம் இதுதான். பறவைகளுக்கென்று அனுமதி வாங்கிய வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். சரியான வாசல் எது என்றும் விசாரித்துவிட்டேன். டாக்டரும் மூன்றாம் தடவை கொத்து வாங்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் வண்டிக்கு இடம் கிடைப்பது கல்யாணத்துக்கு அடுத்த மாதம்தான், அங்கே வந்த பிறகும் கொஞ்ச நாள் தனியாக அடைத்து வைப்பார்களாம். அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தி வைக்க முடியுமா? ஏற்கெனவே பெருந்தொற்று வந்து இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம். என் வார்த்தையை நம்பி சர்ச்சுக்கு வாருங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால், உங்கள் நீல ஆண் புறா என்னிடம் இருக்கிறதே, அதையே பிணை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே ராஜா மாதிரி இருக்கிறது. பட்டாணியும் சோளமும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் கூண்டில் இதுவரை ஒரு பிணைப் புறாகூடத் தப்பிப் போனதில்லை. கதவைச் சாத்துவது என்பது ஒரு பழக்கம் சம்பந்தி, அது சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், யோரிஸுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லுங்கள். உங்கள் கூண்டு நிறையட்டும், கழுகு உங்கள் பக்கம் வராதிருக்கட்டும், காற்று எப்போதும் உங்கள் புறாக்களுக்கு முதுகுப் பக்கமாகவே வீசட்டும்.

என்றும் உங்கள் உறவை வேண்டும்,
ரே ஸ்டோக்கோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துத் திருத்த எனக்குத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். உங்கள் நீல ஆண் புறாவின் உடல்நிலையைப் பற்றி இரண்டு வரி சேர்க்கலாம் என்று கூண்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து பெத்தனி கூப்பிட்டாள். “அப்பா, யோரிஸோட அப்பா வரமாட்டேங்கறாரு, நான் என்னப்பா செய்வேன்” என்றாள். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டே கூண்டை விட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தவில்லை. உங்கள் நீலப் பயல் கூரையை ஒரே சுற்று, தெற்கே திரும்பிவிட்டான். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டில் இருப்பான், பத்திரமாக உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், டாக்டர் தாங்கமாட்டார். இங்கே எங்கள் கிளப்புக்குச் செய்தி போய்விட்டது, மதியத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்களும் உங்கள் கிளப்பில் சொல்லிச் சிரியுங்கள். உங்கள் புறா உங்களிடம், என் புறா என்னிடம், இனி நமக்குள் சண்டை போட ஒன்றுமில்லை, கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள். நாம் மாற்றிக்கொண்டதில் திரும்பி வராமல் உங்கள் வீட்டிலேயே இருக்கப்போவது பெத்தனி ஒருத்திதான். எனக்கு அதில் சந்தோஷம்தான். சனிக்கிழமை சர்ச்சில் நான் அழுதால் மட்டும், புறா பறிபோன துக்கத்தில் அழுகிறான் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.