முசே தேடிய குடும்பப் பேர்

தூத்துக்குடித் துறைமுகம் எத்தனையோ கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கிறது. முசேயை ஒரு நாற்காலியில் கட்டி நிறுத்த மட்டும் அதனால் முடிந்ததில்லை. எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்பிங் ஏஜென்சியில் இருந்தோம். நான் டைப்பிஸ்ட். அவர் உப்பு மூட்டை ஏறுவதைக் குறிக்கும் கிளார்க். நடந்துகொண்டே சாப்பிடுவார். பேச்சை என்னிடம் ஆரம்பித்து வாசல் வாட்ச்மேனிடம் முடிப்பார்.

முசே என்பது நாங்கள் வைத்த பேர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்கார ஐயாமாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் கடற்கரையில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் போர்த்துக்கீசியப் பேர்கள்தான் அதிகம். இவர் குடும்பப் பேர் மட்டும் ‘தெமாரி’. இவருடைய தாத்தாவின் தாத்தா பாண்டிச்சேரியில் பிறந்து இங்கே வந்தவர். தான் பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிக்கொள்ள அது போதாதா?

“பேருல ‘தெ’ இருந்தா என்னன்னு தெரியுமாவே? பிரபு வம்சம். மாரிங்கிற ஊரே எங்களுக்குச் சொந்தமா இருந்திருக்கும்.”

ஆபீஸ் ஸ்கேலை வைத்து ஜன்னல் கண்ணாடியில் தன் மூக்கை அளப்பார். பிரெஞ்சுக் கப்பல் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, ஓடிப்போய் ஒரு மாலுமியைக் கட்டிப்பிடித்தார். அவன் கிரேக்கன். பயந்துபோய் ஒரு சோப்புக் கட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினான். பிரான்சில் ‘மாரி’ என்று தொடங்கும் ஊர் மேயர்களுக்கெல்லாம் என்னை இங்கிலீஷில் லெட்டர் அடிக்கவைத்தார். ஒரே ஒரு மேயர் பதிலுக்குக் காலண்டர் அனுப்பினார். அதில் ஒரு பசுமாடு. “எங்க ஊரு மாடு” என்று மேஜைக்கு மேலே மாட்டிவிட்டார்.

மகள் பிறந்தபிறகுதான் இந்த வேடிக்கை வினையாயிற்று. பிரெஞ்சுக் குடும்பங்களில் தலைப்பிள்ளைக்கு முன்னோர் பேர், அடுத்து ஞானத்தாய் பேர், கடைசியில் குடும்பப் பேர் என்று ரயில் பெட்டிபோலக் கோத்து வைப்பார்களாம். “இஞ்சின் இல்லாம ரயில் எப்படிவே ஓடும்? மொத ஆளு பேரு தெரியட்டும்” என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே போனார். எட்டு மாதம் போயிற்று. பங்குச் சாமியார் ஆள் அனுப்பி அலுத்துவிட்டார். குழந்தை கடுமையான காய்ச்சலில் விழுந்து பிழைத்தது.

மறுவாரம் அவர் மனைவி பிலோமி குழந்தையோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை.

“பேரில்லாமலே எம்பிள்ள போயிருக்கும். கல்லறையில என்னன்னு எழுதியிருப்பீங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு பேரு வரணும். இல்லன்னா நான் மணப்பாட்டுக்கு எங்க வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்.”

அன்றைக்கே முசே பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். சனிக்கிழமை திரும்பி வந்தார். மாதாகோயில் பழைய பதிவுப் புத்தகத்தை, பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவர் அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

“பிரபுவும் இல்ல, ஒண்ணும் இல்லவே” என்றார். “‘தெ’ன்னா ‘உடைய’ன்னு அர்த்தமாம். மாரின்னா மரியாள். எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு அப்பன் பேரு எழுதுத எடம் காலியாக் கெடக்கு. அவன் பிள்ளைய ஏத்துக்கல. அதனால மரியாளுடைய பிள்ளைன்னு எழுதிட்டாங்க. அதையே குடும்பப் பேருன்னு பின்னால வந்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க. மரியாளுக்கு எந்த ஊருன்னும் எழுதியிருக்கு. தூத்துக்குடி.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“தெரியாத ஊருல ஒத்தையில கெடந்து பெத்திருக்கா. நான் இத்தன வருசமா அந்த அப்பனயே தேடிக்கிட்டிருந்தேன். அவள ஒரு தடவகூட நெனைக்கல.”

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு மரியாள் என்று பேர் வைத்தார்கள். பெட்டியெல்லாம் கோக்கவில்லை, அந்த ஒரு பேர்தான். பிலோமி என் பக்கம் திரும்பி, “நான் பெத்த அன்னிக்கே சொன்ன பேரு இது” என்றாள்.

இப்போதும் அந்தச் சனிக்கிழமையை நினைத்துக்கொள்வேன். முசே எந்தப் பிரபுவின் பேரை வேண்டுமானாலும் எங்களிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் ஆபீசில் ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது.