வழவழவென்று சீவிய ஷூ

இருபத்தாறு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். உராய்வு எதற்கு என்பது எனக்கு உண்மையில் புரிந்தது, மைசூரில் ஒரு கால்பந்து மைதானத்தின் ஓரத்தில்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அண்டை நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் போட்டிக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு என் மகள் மாலினியின் பெயரும் அடிபட்டது. போட்டிக்கு முன்னால் நேபாள அணி மைசூரில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆட வந்திருந்தது. அதில் அவள் ஆடுவதைப் பார்த்து முடிவு சொல்வதாகத் தேர்வாளர்கள் சொல்லியிருந்தார்கள்.

எட்டு வருடமாக அவள் ஆடுகிறாள். நான் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. (விடைத்தாள் திருத்த வேண்டும் என்பேன். விடைத்தாளே இல்லாத மாதங்களிலும்.) அந்த உறுத்தலில், ஆட்டத்துக்கு முதல் நாள், கேட்காமலே ஓர் உதவி செய்யக் கிளம்பினேன்.

அவள் ஷூவின் அடியில் ரப்பர் குமிழ்கள் இருந்தன. சில தேய்ந்து, சில துருத்திக்கொண்டு. இந்த மேடுபள்ளத்தோடு பெண் எப்படி ஓடுவாள்? தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன்.

"எல்லாத்தையும் வழவழன்னு சீவிடுங்க."

"பேடா சார்," என்றார் அவர். (வேண்டாம் என்கிறார்.) "இது ஆட்ற ஷூ. அது இருக்கணும் சார்."

"நான் ஃபிஸிக்ஸ் புரொஃபஸர்," என்றேன். அதற்குமேல் பாவம், அவர் என்ன செய்வார்? சீவினார்.

பாலிஷ் போட்டுப் பையில் நானே வைத்தேன். மறுநாள் அப்பா முதல்முறையாக வந்திருக்கும் சந்தோஷத்தில், அவள் ஷூவின் அடியைப் பார்க்காமலே மாட்டிக்கொண்டு ஓடினாள்.

காலையில் தூறியிருந்தது. பத்து நிமிடத்தில் நான்கு முறை விழுந்தாள். ஒரு தேர்வாளர் நோட்டை மூடியே விட்டார். நடுவரிடம் கேட்டுக்கொண்டு மாலினி கோட்டோரம் வந்து ஷூவைத் திருப்பினாள்.

"யாருப்பா இதைச் செஞ்சா?"

"நான்தாம்மா. ஏத்த இறக்கமா இருந்துது, அதான்..."

"உராய்வுன்னு ஒரு பாடம் வருமே. அதை மட்டும் லீவு போட்டுடுவீங்களா?"

பக்கத்து பெஞ்சில் நேபாள அணியின் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி இருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குப் புரிந்திருக்காது, ஷூ புரிந்தது. தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள். எதிரணிக்கு! இரண்டு அளவு பெரிது. நான் என் காலுறைகளைக் கழற்றி அதன் நுனியில் அடைத்தேன். (பாண்ட் நனைய, வெறுங்காலோடு நின்ற என்னை எங்கள் கல்லூரி முதல்வர் கேலரியிலிருந்து பார்த்தார்.)

அதன்பிறகு என் பெண்ணைப் பார்த்தேன். இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோகிறாள். இரண்டு பேர் மறிக்கிறார்கள். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, பந்து மறுபக்கம் போகிறது. வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட இடித்துக்கொண்டு நடப்பவள். கடைசி நிமிடங்களில் கோல் போட்டாள். முதலில் கைதட்டியது ஷூ கொடுத்த பெண்தான். நோட்டு திரும்பவும் திறந்திருந்தது.

எட்டு வருடம் எதைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று யோசித்தபடி நின்றேன்.

ஷூவைத் திருப்பிக் கொடுக்கும்போது நேபாளப் பயிற்சியாளர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னம்மா சொல்றார்?"

"உங்க அப்பா எந்த டீம்னு கேக்கறார்."

மாலினி தேர்வானாள். இன்று சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். களத்தில் இறங்குமுன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவள் சொல்லித்தரும் முதல் பாடம்: பந்தில் காற்று, ஷூவில் லேஸ், வீட்டில் அப்பா.

சிறுமிகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் எழுந்து கும்பிடுவேன். ஓர் ஆட்டத்தையும் விடுவதில்லை.