பார்த்தால் இவ்வளவு, அமுக்கினால் இவ்வளவு

"ஆயிரம் தடவ பாத்தா ஒரு டீக்காசா? அதுவும் பாதி டீக்கா?" என்று போனில் கேட்டார் குமாரசாமி.

மறுமுனையில் வித்யா. சேலத்தில் இணையதளம் செய்து கொடுக்கும் பெண். குமாரசாமிக்கு 'நிலத்தடி' என்ற தளத்தைக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"அப்படித்தானுங்கண்ணா. விளம்பரம் ஆயிரம் தடவ கண்ணுல பட்டா இவ்வளவுன்னு ஒரு ரேட்டு. உங்க பக்கத்துக்கு வாரவங்க கம்மி."

"வாரவன் பூரா விவசாயி, அம்மிணி. கடன் வாங்கி போர் போடலாமான்னு வயித்துல நெருப்போட வந்து பாக்கறான். அவன் கண்ணுக்கும், சும்மா கெடந்து போனைத் தள்ளிக்கிட்டிருக்கறவன் கண்ணுக்கும் ஒரே ரேட்டா?"

"எந்தக் கண்ணுன்னு அதுக்குத் தெரியாதுங்கண்ணா, மெசினுதான எண்ணுது."

குமாரசாமி திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி ஆபீஸ் ஒன்றில் ஏஜெண்டாக இருந்தவர். எந்த ஊரில் யாருக்கு ஆழ்துளைக் கிணறு தேவை என்று மோப்பம் பிடித்து, லாரியை அங்கே கொண்டு போய் நிறுத்துவது வேலை. கறவை மாட்டை விற்றுக் காசு கட்டிய ஒரு வீட்டில் கடைசிவரை வெறும் புழுதியே பறந்த அன்று வேலையை விட்டுவிட்டார். இப்போது எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர், எந்த ஊரில் சுத்தமாக இல்லை என்று விசாரித்து விசாரித்துத் தளத்தில் எழுதுகிறார். அதைப் படித்தவர்கள் போன் போட்டு நன்றி சொல்வார்கள். ஆனால் அந்த நன்றியை இணையக் கம்பெனிக்காரர்கள் கட்டணமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்பதுதான் அவர் குறை.

அவருடைய மனைவி சௌந்திரம் அந்தக் குறையை வேறு விதமாகச் சொன்னாள்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் தன் செலவைத் தானே பாத்துக்கோணும். இல்லீனா பேசாம எங்கண்ணன் ஆபீசுக்கே ஏஜெண்டாப் போயிருங்க. அவரும் வேற ஆளே போடாம வெச்சிருக்கறாரு."

அண்ணன் என்றால் வெள்ளியங்கிரி. அந்த ரிக் லாரிகளின் முதலாளி. மறுபடி அங்கே போவது என்றால், இத்தனை நாள் வேண்டாம் என்று சொன்ன ஊர்களுக்கே போய் "போடுங்க, வந்துரும்" என்று சொல்ல வேண்டும். குமாரசாமிக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

வித்யா வழியை மாற்றினாள். "பாக்கறதுக்குக் காசு வேண்டாமுங்கண்ணா. விளம்பரத்தை யாராச்சும் அமுக்கி உள்ள போனா, ஒவ்வொரு அமுக்குக்கும் காசு. ரேட்டு அதிகம்."

ஒரு வாரம் ஆயிற்று. ஒருவரும் அமுக்கவில்லை. வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடி, தலையில் கை வைத்து, அப்படியே எழுந்து போய்விட்டார்கள் போலிருக்கிறது.

திடீரென்று ஒரு நாள் அமுக்கு கூடியது. மறுநாள் இன்னும் கூடியது. குமாரசாமி கம்ப்யூட்டருக்கு விபூதி பூசினார். அதற்கடுத்த நாள் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. முறைகேடு நடந்திருப்பதால் விளம்பரக் கணக்கு முடக்கப்படுகிறது என்றது.

"முறைகேடா? நானா? சௌந்திரம், இங்க வந்து பாரு, என்னைத் திருடன்கறான்."

சௌந்திரம் மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதுங்களா. நான்தான் சீரியல் பாத்துக்கிட்டே அமுக்கினேன். நம்ம குலதெய்வக் கோயில் வாட்ஸப் குரூப்புலயும் சொல்லியுட்டேன், எல்லாரும் ஆளுக்குப் பத்து அமுக்கு அமுக்குங்கன்னு. பாவம் பொம்பளைங்க, காட்டு வேலையை விட்டுப்போட்டு அமுக்கினாங்க."

ஏசிய வாயாலேயே ஊரைத் திரட்டியிருக்கிறாள். அவளைத் திட்ட முடியாமல் குமாரசாமி வித்யாவைத் திட்டினார்.

"கட்டுனவ புருசனோட பக்கத்தைப் பாக்கறது ஒரு குத்தமா? எந்தச் சட்டத்துல இருக்குது?"

"பாக்கறது குத்தமில்லீங்கண்ணா. ஒரு சாயங்காலத்துல ஒரே விளம்பரத்தை அவ்வளவு தடவ யாரும் அமுக்க மாட்டாங்க."

மூன்றாவது வழி, பொருள் விற்றால் கமிஷன். ஒரு மோட்டார் கம்பெனி சம்மதித்தது. விளம்பரம் வழியாக வந்து யாராவது நீர்மூழ்கி மோட்டார் வாங்கினால்தான் காசு. வாங்காவிட்டால், எத்தனை பேர் பார்த்தாலும் அமுக்கினாலும் ஒன்றும் கிடையாது.

"இதென்ன நியாயம் அம்மிணி? தண்ணி வந்தாத்தான் காசுன்னு எந்த ரிக்காரனாச்சும் ஒத்துக்குவானா? புழுதி பறந்தாலும் அடிக்கு இவ்வளவுன்னு எண்ணி வாங்கிட்டுத்தான லாரியத் திருப்பறான்?"

"நீங்க ரிக்கு இல்லீங்களேண்ணா."

முதல் வாடிக்கை ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்தது. பாப்பாயி என்ற விவசாயி அம்மாள் போன் செய்தாள்.

"சாமி, உங்க பக்கத்துல ஒரு மோட்டார் படம் மின்னுதே, அதை வாங்கலாமுங்களா?"

வாங்குங்கள் என்ற ஒரு சொல் போதும். சௌந்திரம் கதவருகே நின்று கும்பிடாத குறையாகத் தலையாட்டினாள்.

"போர் எத்தனை அடிங்க ஆத்தா?"

"எண்ணூறு போட்டுதுங்க. ஈரமே காங்கலை."

"அப்பறம் மோட்டாரை எறக்கி எதைங்க மேல எடுப்பீங்க?"

"எங்கூட்ல பையனும் அதையேதான் கேட்டான். நீங்க வெவரமானவங்க, வேற மாதிரி சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

போனை வைத்ததும் சௌந்திரம், "நல்லா யாவாரம் பண்றீங்க" என்றாள்.

அதோடாவது விட்டாரா? வறண்ட குழிக்கு மோட்டார் எதற்கு என்று அன்றைக்கே கொதித்துப் போய் ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். கட்டுரையின் நட்டநடுவில் அந்த மோட்டார் விளம்பரம் பளபளத்தது. கம்பெனி மறுநாளே அதைப் பிடுங்கிக்கொண்டது.

"இனி ஒண்ணுதானுங்கண்ணா பாக்கி. மாச வாடகை. பாத்தாலும் பாக்காட்டியும், வித்தாலும் விக்காட்டியும், செவுத்துல போர்டு மாட்டற மாதிரி மாசம் இவ்வளவுன்னு ஒரே ரேட்டு. ஆனா அதுக்கு உங்களை நம்பற ஆளு வேணும்" என்றாள் வித்யா.

ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. குமாரசாமி மொபெட்டை எடுத்துக்கொண்டு மச்சானின் ஆபீசுக்கே போனார். வழி நெடுகப் பேச்சைத் தயாரித்துக்கொண்டார்.

"மச்சான், நான் வேலை கேட்டு வரலை."

"தெரியுமுங்க மாப்ள. உக்காருங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக்கு இவ்வளவுன்னு வாங்கறீங்கல்ல? அதே நியாயம் எனக்கும் வேணும். உங்க விளம்பரத்தை எம் பக்கத்துல போடறேன். யாரு பாத்தாலும் பாக்காட்டியும் மாசம் இவ்வளவுன்னு குடுத்தறோணும்."

"குடுத்தறலாமுங்க."

குமாரசாமிக்கு முக்கால்வாசிப் பேச்சு கையிருப்பில் அப்படியே நின்றது. அதை வீணாக்க மனமில்லை.

"ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். தண்ணி இல்லாத ஊரை இல்லைன்னுதான் எழுதுவேன். போர் போட்டுக் காசைக் கரியாக்காதீங்கன்னுதான் எழுதுவேன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"எனக்கென்னுங்க சங்கடம்? நல்லா எழுதுங்க. அதை மட்டும் நிறுத்தீராதீங்க மாப்ள."

குமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இந்த மனிதரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டார். வெளியே வந்து முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டார்.

"சௌந்திரம், உங்கண்ணன் பெரிய மனுசன்."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்தது.

லாரிகளை ஊர் ஊராக அனுப்பும் மேனேஜர் வேல்முருகன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணா, வாழப்பாடிப் பக்கம் விசாரிச்சுட்டு வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்க எந்தெந்த ஊர்ல தண்ணி இல்லைன்னு இன்னைக்கே எழுதிப் போட்டுருங்க. ரெண்டு வண்டி சும்மா நிக்குது."

"வண்டி நிக்கறதுக்கும் நான் எழுதறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஏனுங்கண்ணா, நீங்க போனதுக்கப்பறம் முதலாளி வேற ஏஜெண்டே போடலையே, எதுக்குன்னு நெனைச்சீங்க?" என்றான் வேல்முருகன். "தண்ணி இருக்கற ஊர்ல எரநூறு அடியில நிறுத்தச் சொல்லிருவாங்க, நீங்க இல்லைன்னு எழுதற ஊர்லதானுங்க ஆயிரத்தைத் தாண்டியும் போடு போடுங்கறாங்க."