குவாண்டம் மாஸ்டரின் பூட்டு உடைக்கிற கணக்கு

வன்னியில ஒளிக்கத் தெரியாத ஒரே மனிசன் எங்கட குவாண்டம் மாஸ்டர்தான். எல்லாரும் குரலைக் குறைச்சுக் கதைச்ச ஊரில, இந்தாள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைக் கரும்பலகையில எழுதி வைச்சவர். சைக்கிளுக்கும் பூட்டில்லை. ஒருநாள் சைக்கிளைக் காணேல்லை. "ஆருக்கோ அவசரம், கொண்டுவருவான்" எண்டார். கொண்டுவரேல்லை.

அது சமாதான காலம், சண்டை நிண்டிருந்த நேரம். கிளிநொச்சியில ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில நானும் அவரும் படிப்பிச்சம். "குவாண்டம் கம்ப்யூட்டர் எண்டு ஒண்டு வரும், தம்பி. இப்ப இருக்கிற ரகசியப் பூட்டுகளை அது உடைச்சுப் போடும். பேந்தென்னத்துக்கு ஒளிப்பு மறைப்பு?" எண்டுவார். அந்த வராத மெசின் பூட்டு உடைக்கிற கணக்கை எப்பிடிப் போடும் எண்டு எங்கட ஓட்டைக் கம்ப்யூட்டரில காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். திறந்த மூலம் எண்டு பேர். ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், காசில்லை.

எழுதி முடிச்ச கிழமை ஜெனரேட்டர் குழம்பிக் கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு. மிஞ்சினது ஒரேயொரு சீடி. அதை இன்டர்நெட்டில ஏத்த வவுனியாவுக்குப் போகோணும். வழியில ஓமந்தையில ராணுவச் சோதனைச் சாவடி. அங்க பறிச்சாங்களெண்டால் மாஸ்டரின்ர உழைப்பு அவ்வளவும் போச்சு.

"கேட்டால் பாட்டு சீடி எண்டு சொல்லுங்கோ மாஸ்டர்" எண்டு வழிநெடுகக் கெஞ்சினன். தலையாட்டினார். நானும் நம்பினன், விசரன்!

ஆமிக்காரன் சீடியைத் தூக்கிப் பாத்தான். "என்ன இது?"

"பாட்டு" எண்டன் நான்.

"பாட்டில்லை" எண்டார் மாஸ்டர். "பூட்டு உடைக்கிற கணக்கு."

பின்னால நிண்ட சனம் மெல்லமாத் தள்ளிப் போய் நிண்டுது. தமிழ் தெரிஞ்ச அதிகாரி ஒருத்தர் வந்தார்.

"யாருடைய பூட்டு?"

"எல்லாற்ற பூட்டும், சேர். பாங்க், அரசாங்கக் கந்தோர், உங்கட ஆமி, ஒருத்தரையும் விடாது."

"எங்கே அந்த மெசின்?"

"இன்னும் ஒழுங்கா ஒருத்தரும் செய்யேல்லை. கனகாலம் செல்லும்."

அதிகாரி சிரிக்கேல்லை. எங்களை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய், சீடியைத் தன்ர கம்ப்யூட்டரில போட்டார். மாஸ்டர் கேளாமலே கதிரையை இழுத்துப் போட்டு, வரி வரியா விளங்கப்படுத்தத் தொடங்கினார். வெளியில பாதை மூடுற நேரமாகுது.

கடைசியா அதிகாரி சொன்னார்: "சீடி இங்கே இருக்கட்டும்."

"ஓம், ஓம், வைச்சிருங்கோ!" எண்டார் மாஸ்டர் வாயெல்லாம் பல்லா. அட பாவி மனிசா! "ஆனால் ஒரு நிபந்தனை, சேர். வைச்சிருக்கிற ஆள், ஆர் வந்து கேட்டாலும் குடுக்கோணும்."

"சரி."

"அப்ப நான் கேக்கிறன். தாங்கோ."

அதிகாரி வாய்க்குள்ள சிரிச்சபடி புரோகிராமைத் தன்ர கம்ப்யூட்டரில பதிஞ்சுபோட்டு, சீடியைத் திருப்பித் தந்தார். அண்டைக்கே வவுனியாவில ஏத்திப் போட்டம்.

பேந்து சண்டை வந்துது. இடம்பெயர்ந்து ஓடின சனத்துக்குள்ள மாஸ்டரைத் தவறவிட்டிட்டன். நான் விசாரிக்காத முகாமில்லை.

போன கிழமை அந்தப் புரோகிராமை இன்டர்நெட்டில தேடினன். இருக்கு! எந்தெந்த நாட்டுக்காரரோ திருத்தித் திருத்தி வளர்த்திருக்கினம். ஆனால் முதல் வரியில மாஸ்டர் எழுதினது அப்பிடியே கிடக்கு: "பிழை கண்டால் வீட்டை வந்து சொல்லுங்கோ. கதவு திறந்துதான் இருக்கும்."

பிழை ஒண்டு கண்டிட்டன், மாஸ்டர். எங்க வந்து சொல்ல?