வெள்ளரிக்குப் போட்ட எருப் படுக்கை

சொன்னால் கேவலம்தான். என் விசாவில் 'விவசாய நிபுணர்' என்று போட்டிருந்தது. அந்தப் பாலைவனத்தில் நான் ஒரு வெள்ளரிப் பிஞ்சுகூட விளைவித்ததில்லை.

எழுபதுகளில் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவின் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி வெட்டி, குதிரைச் சாணமும் வைக்கோலும் நிரப்பி, மேலே மண் பரப்பி விதைப்போம். சாணம் மக்க மக்கச் சூடு கிளம்பும். வெளியே உறைபனி விழுந்தாலும் உள்ளே செடி தளதளவென்று நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதை நம்பி, அபுதாபிப் பக்கம் அல் ஐனுக்கு வெளியே பண்ணை வைத்திருந்த ஒரு அரபி என்னை வரவழைத்தார். ஐரோப்பாவில் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு கண்ணாடி வீட்டையே கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார் (பாலைவனத்தில் சூட்டைப் பிடித்துவைக்க ஒரு வீடு! அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை). வெள்ளரி காய்த்தால் என் மனைவிக்கும் விசா என்று வாக்குக் கொடுத்தார். கல்யாணமாகி ஐந்து மாதம். குன்னூரில் சரோஜா பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள்.

போய் இறங்கியது டிசம்பர். முதல் ராத்திரியே பல் தந்தியடித்தது. இதுவும் நம்ம ஊர்தான் என்று முடிவு கட்டி, பண்ணைக் குதிரை லாயத்துச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டினேன். முளைத்த நாற்று மூன்றாம் நாள் படுத்துவிட்டது. மண்ணில் விரலை வைத்துப் பார்த்திருந்தால் விரல் சொல்லியிருக்கும். நிபுணர் விரலை வைப்பாரா? 'ராத்திரிக் குளிர் தாங்கவில்லை' என்று இன்னும் இரண்டு வண்டி கொட்டினேன். இப்படி மூன்று தடவை.

பண்ணைக் கேம்ப்பில் இருந்த ராமநாதபுரத்துக் கொத்தனார் செல்லத்துரை ஒரு நாள் நெய் டின்னில் தண்ணீரோடு வந்து நின்றான்.

"அண்ணே, செடிதான் வேகுது. தண்ணியாச்சும் காயட்டும்ண்ணே."

டின்னைச் சாணத்தில் புதைத்தான். மறுநாள் விடியலில் சுடச்சுட வெந்நீர். பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்த கேம்ப் முழுக்கச் செய்தி பரவியது. ஒரே வாரத்தில் நாற்பது டின். எனக்கும் அலுத்துப்போயிருந்தது, தடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கஃபீல் (விசா கொடுத்த அந்த அரபி முதலாளிதான்) விருந்தாளிகளோடு வெள்ளரியைக் காட்ட வந்தார். கதவைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி. உள்ளே துண்டோடு ஒன்பது பேர். செல்லத்துரை தலை நிறையச் சோப்பு நுரையோடு சலாம் வைத்தான். அவர்களுக்கு நடுவே, நிபுணர் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கியார்?" என்றார் கஃபீல். வெள்ளரிக்கு அங்கே அதுதான் பெயர்.

"மாஃபி," என்றேன். இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

அவர் ஒரு டின்னில் கையை விட்டுப் பார்த்தார். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்கக் கேம்ப்புக்கு வெந்நீர் போடுவது என் டியூட்டி.

"என் சம்சாரத்துக்கு விசா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கியார் மாஃபி, விசா மாஃபி. கலாஸ்." முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டார்.

அதைச் சரோஜாவுக்கு எழுத நான்கு நாள் ஆயிற்று. அழுகையாக வந்தது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒரே வரியில்: "அங்க எல்லாரும் குளிச்சு முடிச்சதும் சொல்லுங்க, பெட்டியை எடுத்துக்கறேன்."

அவள் எடுக்கவே இல்லை. ஆறு வருஷம் கழித்து நான்தான் திரும்பினேன். இன்றைக்கும் ரேஷன் கடையிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், "என்ன, எல்லாரையும் குளிப்பாட்டியாச்சா?" என்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அவள் மட்டும் இதுவரை சிரித்ததில்லை.