தொண்ணூற்று மூன்று விழுக்காடு கறிவேப்பிலை

‘நான் கவனிச்சிருக்கேன்’ என்று வாயைத் திறக்கும் ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குடை எடுத்துப்போகும் நாளில் மழை வராது என்று கவனித்தவர், தேக்கா சந்தையில் கண்ணாடி போட்ட பெண்கள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதில்லை என்று கவனித்தவர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட, தன்மேல் சாய்ந்து தூங்குகிறவர் மட்டும் கடைசிவரை வருவதைக் கவனித்தவர், எல்லாரும் ஒரே கூட்டம்தான். கவனிப்பதோடு விட்டால் பரவாயில்லை. விதி வகுப்பார்கள். வகுத்த விதிக்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, அதைக் கேட்க ஆள் தேடுவார்கள்.

முன்பு இவர்கள் காப்பிக்கடையோடு நின்றார்கள். இப்போது கணினி படித்துவிட்டு இதையே வேலையாகச் செய்கிறார்கள்.

வசீகரனைப் பாருங்கள். வயது முப்பத்திரண்டு, பொங்கோலில் வீடு. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் துரைசாமியின் பெரிய மளிகைக் கடை. அதன் மாடியில் அவனுக்கு மேசையும் குளிர்சாதனமும். கீழே போடும் பில்கள் எல்லாம் மேலே அவன் கணினிக்கு வந்து சேரும். எதை வாங்குகிறவர்கள் கூடவே எதை வாங்குகிறார்கள் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதம் புரொபேஷன். வேலையை உறுதி செய்ய முதலாளி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

“எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லுங்க தம்பி. அது போதும்.”

முப்பது வருடம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்ற மனிதருக்குத் தெரியாத ஒன்றா? இட்லி அரிசி வாங்குகிறவர்கள் உளுந்தும் வாங்குகிறார்கள் என்று வசீகரன் முதல் மாதம் வண்ணப்படத்தோடு போய் நின்றான். துரைசாமி அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வெற்றிலை வாங்குகிறவர்கள் பாக்கும் வாங்குகிறார்கள் என்றான். அன்று தேநீரும் இல்லை.

வீட்டிலும் ஆராய்ச்சி ஓயவில்லை. மனைவி சிவதர்ஷினி ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்ன நாள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் கோபமாக இருந்திருக்கிறாள் என்று ஒரு சனிக்கிழமை தோசைக்கு நடுவில் அறிவித்தான். நான் கவனிச்சிருக்கேன் என்றும் சேர்த்துக்கொண்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லாத நாள்ல எத்தனை நாள் கோவமா இருந்தேன்னு எண்ணுனீங்களா?”

எண்ணவில்லை. இந்த இனத்துக்கு அந்தப் பக்கம் எண்ணத் தெரியாது. கேள்வி நல்ல கேள்வி என்பது மட்டும் மனத்தில் தைத்தது. உடனே தோசையில் மறந்தும் போனது.

ஆறாவது மாதம் பிறந்தபோது அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பிள்ளை வரும் நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? பிள்ளை நினைப்பிலேயே டயப்பர் பில்களைக் கிளறினான். கிடைத்தது புதையல். டயப்பர் வாங்கியவர்களில் தொண்ணூற்று மூன்று விழுக்காட்டினர் கறிவேப்பிலையும் எடுத்திருந்தார்கள். டயப்பரும் கறிவேப்பிலையும்! எந்த முதலாளிக்கு இது தெரிந்திருக்கும்? அதே வரியின் ஓரத்தில், இந்த விதியில் விஷயம் இருக்கிறதா என்று அளந்து சொல்லும் இன்னோர் எண்ணையும் கணினி காட்டியிருந்தது. அதில் ‘ஒன்று’ என்றிருந்தது. தொண்ணூற்று மூன்று கண்ணெதிரே நிற்கும்போது ஒன்றை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

காரணத்துக்கா பஞ்சம்? பிள்ளை பெற்ற பெண்களுக்கு முடி கொட்டும், முடிக்குக் கறிவேப்பிலை நல்லது, ஆகவே வாங்குகிறார்கள். டயப்பர் அலமாரிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைக் கூடையைத் தொங்கவிட ஒரு படமும் வரைந்தான். சிவதர்ஷினியிடம் காட்டினான். எனக்கு முடி கொட்டவில்லையே என்று அவள் சொன்னதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை துரைசாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு கீழேயிருந்து சரசுவை வரச்சொன்னார். இருபத்திரண்டு வருடமாகக் கல்லாவில் நிற்கும் சரசு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“தம்பி, கறிவேப்பிலை நம்ம கடையில சும்மா குடுக்குறது. வந்த புதுசுல நீங்கதானே சொன்னீங்க, சும்மா குடுத்தாலும் ஸ்கேன் பண்ணுங்க, இல்லன்னா ஸ்டாக் சரியா வராதுன்னு. அதான் எல்லாருக்கும் அடிச்சுப் போடுறேன் லா. டயப்பர் வாங்குனாலும் சரி, டார்ச் லைட் வாங்குனாலும் சரி.”

வசீகரனுக்குக் காது சுட்டது. அந்தப் பூஜ்ய விலைப் பார்கோடைக் கல்லாவில் ஒட்டியவனே அவன்தான். தான் ஒட்டியதைத் தானே கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைக்கு வருகிறவர்களில் மொத்தம் எத்தனை பேர் கறிவேப்பிலை எடுக்கிறார்கள் என்று அங்கேயே தட்டிப் பார்த்தான். தொண்ணூற்றிரண்டு. டயப்பர்க்காரர்கள் தொண்ணூற்று மூன்று. ஓரத்தில் நின்ற அந்த ‘ஒன்று’ முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: டயப்பர் இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. அன்று தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சிவதர்ஷினி கேட்டதும் இதையேதான்.

“அப்போ நூத்துல மீதி எட்டுப் பேரு யாரு?” என்றார் துரைசாமி.

வசீகரன் திரையைப் பார்த்தான். திரைக்குத் தெரியவில்லை. சரசுவுக்குத் தெரிந்திருந்தது.

“துவாஸ் பக்கம் கம்பெனிகள்ல வேலை செஞ்சு, ஞாயித்துக்கிழமை வர்ற பசங்கண்ணே. அவங்களுக்கு டார்மிட்டரியில கேட்டரிங் சோறு, சமையல் இல்ல. கறிவேப்பிலைய நீட்டுனா வேணாக்கான்னு சிரிப்பாங்க. ஊறுகாய் மட்டும் எடுப்பாங்க. நம்மகிட்ட பெரிய பாட்டில்தானே இருக்கு, ரெண்டு பேரு சேந்து ஒண்ணு வாங்கி, வாசல்லயே பிரிச்சுக்கிட்டுப் போறாங்க.”

தன் கடை வாசலில், தன் ஊறுகாயை, ஒவ்வொரு ஞாயிறும் மனிதர்கள் நின்றுகொண்டே பங்கு போடுவது துரைசாமிக்கு உறைத்திருக்க வேண்டும்.

“இது எனக்குத் தெரியாது,” என்றார்.

ஊறுகாயைச் சிறிய பாக்கெட்டுகளில் வாசலருகே வைக்க அன்றே உத்தரவாயிற்று. வசீகரனின் வேலையும் உறுதியாயிற்று. மேசை மட்டும் மாடியிலிருந்து இறங்கி, சரசுவின் கல்லாவுக்குப் பக்கத்தில் விசிறிக்கு அடியில் வந்து நின்றது. இனி எந்த விதியைக் கண்டாலும் முதலில் சரசுவிடம் சொல்லி, அவர் ‘அப்படியா?’ என்று கேட்டால் மட்டுமே முதலாளியிடம் வர வேண்டும். முதல் வாரம் பதினோரு விதிகள் சொன்னான். ‘அப்படியா’ ஒன்றுகூட வரவில்லை.

படத்தைக் காட்டிய அந்த வெள்ளிக்கிழமை வீடு திரும்பியவனிடம் என்ன ஆயிற்று என்று சிவதர்ஷினி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“நான் கவனிச்சிருக்கேன்,” என்று சொல்லித் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள் அவள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தது உங்கள் மச்சானையோ மேலதிகாரியையோ நினைத்துத்தானே? இதைப் படிக்கிறவர்களில் தொண்ணூற்று மூன்று விழுக்காட்டினர் இது தங்களைப் பற்றியது அல்ல என்றே நினைக்கிறார்கள். படிக்காதவர்களில் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்காதீர்கள். அதை எண்ணவில்லை. ஆனால் நான் கவனிச்சிருக்கேன்.